சாமுவேல் என்று பேர் வைக்கப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஞானஸ்நான அட்டையில் சாமுவேல் என்ற பேருக்குக் கீழே என்ன அர்த்தம் போடுவது என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை எங்கேயோ பார்த்து எடுத்துவைத்திருக்கும் ‘கடவுள் கேட்டார்’ என்பதை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதே. அந்த அர்த்தம் இஸ்மவேலுக்கு உரியது. அவன் தாய் ஆகாரின் அங்கலாய்ப்பைக் கர்த்தர் கேட்டார் என்பதால் வைத்த பேர் அது. காதால் கேட்பதற்கு எபிரெயத்தில் ‘ஷாமா’ என்பார்கள், அதன் கடைசி எழுத்து அயின். இஸ்மவேல் என்று எழுதும்போது அந்த அயின் இருக்கிறது, சாமுவேலில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

நமக்கு இதில் குழப்பம் வருவதற்குத் தமிழும் ஒரு காரணம். காதில் வாங்குவதையும் கேட்பது என்கிறோம், ‘எனக்கு வேண்டும்’ என்று கேட்பதையும் கேட்பது என்கிறோம். அதனால் சாமுவேலின் தாய் அன்னாள் கர்த்தரிடத்தில் கேட்டேன் என்று சொல்லிப் பேர் வைத்தாள் என்று நம் வேதாகமத்தில் வாசிக்கும்போது இரண்டும் கலந்துபோகிறது. எபிரெயத்தில் கலக்காது. அவள் சொல்வது ‘ஷாஅல்’, அதாவது வேண்டிக் கேட்பது.

சரி, அப்படியானால் ‘கேட்டுப் பெற்றவன்’ என்று போட்டுவிடலாமே என்பாய். அங்கேதான் சிக்கல். ஷாஅல் என்ற வேரிலிருந்து இலக்கணப்படி சாமுவேல் வராது. எபிரெயத்தில் அந்தப் பேர் ஷெமூஏல். ‘ஷேம்’ என்றால் பேர், ‘ஏல்’ என்றால் கடவுள். ஆகவே ‘கடவுளின் பேர்’ அல்லது ‘அவர் பேர் ஏல்’ என்பதுதான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்கிற பொருள். பிரான்சின் தெற்கே நார்போனில் வாழ்ந்து 1235 வாக்கில் இறந்த யூத உரைகாரர் தாவீது கிம்ஹி, ‘ஷாஊல் மே ஏல்’, அதாவது கடவுளிடமிருந்து கேட்கப்பட்டவன் என்பதன் சுருக்கம் மாதிரி இதை விளக்கினார். சாமர்த்தியமான விளக்கம்தான், ஆனால் எபிரெயப் பேர்கள் பொதுவாக அப்படிச் சுருங்குவதில்லை. அப்புறம் இது அன்னாள் புதிதாக உண்டாக்கிய பேரும் இல்லை. கானானைப் பங்கிட நியமித்த தலைவர்களின் பட்டியலில், எண்ணாகமம் 34-ஆம் அதிகாரத்தில், சிமியோன் கோத்திரத்து அம்மியூதின் மகனுக்கும் இதே பேர்.

இப்போது கிம்ஹி சொன்னதில் ‘ஷாஊல்’ என்று வந்ததே, அதைக் கவனித்தாயா? நம் வேதாகமத்தில் அதுதான் சவுல், இஸ்ரவேலின் முதல் ராஜா. ‘கேட்கப்பட்டவன்’ என்பது அச்சு அசலாகச் சவுலின் பேர்! 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் மட்டும் ஷாஅல் என்ற வேர் ஏழு தடவை வருகிறது. சீலோ ஆலயத்து ஆசாரியன் ஏலி அன்னாளை வாழ்த்தி அனுப்பும்போது வருகிறது, பேர் வைக்கும்போது வருகிறது, பால் மறந்த பிள்ளையைச் சீலோவுக்குக் கொண்டுவந்து விடும்போது மறுபடி மறுபடி வருகிறது. கடைசியில் 28-ஆம் வசனத்தில் அன்னாள் தன் பிள்ளையைக் காட்டிச் சொல்லும் ‘ஹூ ஷாஊல்’ என்ற இரண்டு சொற்களைத் தனியே எடுத்து வாசித்தால் ‘இவன் சவுல்’ என்றே கேட்கும், சவுல் கதைக்குள் வர இன்னும் எட்டு அதிகாரம் இருக்கும்போதே. இதை வைத்து, இது ஆதியில் சவுலின் பிறப்புக் கதை, பிறகு சாமுவேலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. சீலோ, ஏலி, ஆலயத்தில் வளரும் பையன் என்று எல்லாமே சாமுவேலைச் சுற்றித்தானே இருக்கிறது, அதில் சவுலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கதை சொன்னவர் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். பின்னால் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று ‘கேட்கும்’ இடத்தில், 8-ஆம் அதிகாரத்திலும் 12-ஆம் அதிகாரத்திலும், இதே வேர்தான். ஒரு தாய் கேட்டது சாமுவேலைக் கொடுத்தது, ஒரு ஜனம் கேட்டது சவுலைக் கொடுத்தது. 28-ஆம் அதிகாரம் இன்னும் கொடூரம். பெலிஸ்தரின் பாளயத்தைக் கண்டு பயந்த சவுல் கர்த்தரிடத்தில் கேட்கிறான், ‘ஷாஊல்’ என்ற பேர்க்காரன் ‘ஷாஅல்’ பண்ணுகிறான், பதில் வரவில்லை. உடனே எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்க்கிற ஒருத்தியிடம் போய், செத்துப்போன சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். வந்த சாமுவேல், ஏன் என்னிடத்தில் கேட்கிறாய் என்கிறார், அங்கேயும் அதே வினைச்சொல். உயிர்க்குறி இல்லாத பழைய எழுத்தில் ‘ஷாஊல்’ என்ற ராஜாவின் பேரையும் ‘ஷெயோல்’ என்ற பாதாளத்தையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார். அன்னாளின் பாட்டில் கர்த்தர் பாதாளத்தில் இறங்கவும் அதிலிருந்து ஏறவும் பண்ணுகிறவர் என்று வருகிறதே, அங்கே நிற்பதும் அதே நான்கு எழுத்துதான்.

ஆகவே வசனம் சொல்லும் காரணமும் அகராதி சொல்லும் பொருளும் ஒத்துப்போகவில்லையே என்று கலங்காதே. வேதாகமத்தில் பேருக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஓசையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. பார்வோனின் மகள் எபிரெய வினைச்சொல்லை வைத்து மோசேக்குப் பேர் விளக்கம் சொல்கிறாள், பேரோ எகிப்தியப் பேர் மாதிரி இருக்கிறது, துத்மோஸ் என்பதில் வரும் ‘மோஸ்’ போல. ஷெமூஏல் என்ற பேருக்குள் சவுலின் நான்கு எழுத்தும் இருக்கின்றன, கூடுதலாக ஒரு மேம், அதாவது ‘ம’ எழுத்து. அந்த ஓசை அன்னாளுக்குப் போதும்.

அட்டைக்கு என் யோசனை: அர்த்தம் என்று ஒன்றும் போடாதே. பேரைப் போட்டு, கீழே 1 சாமுவேல் 1:27, ‘இந்தப் பிள்ளைக்காக விண்ணப்பம்பண்ணினேன்’ என்று மட்டும் போடு. அர்த்தம் இருந்தே ஆகவேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தால் ‘கடவுளின் பேர்’ என்று போடு, யாரும் தப்புச் சொல்ல முடியாது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு தரம் வாட்ஸ்அப்பில் அனுப்பு, போன தடவை மாதிரி எழுத்துப்பிழையோடு வந்துவிடப்போகிறது.

அன்புடன்,
அண்ணன்