பழைய சாமான் கேட்டுப் பதிவு போடும் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"சைக்கிள் இருக்கா?" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டு, நாலு நாள் கழித்து "யாருமே பதில் போடலையே" என்று வருத்தப்படுகிறீர்கள். கொடுக்க மனசில்லாமல் யாரும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சின்ன சைக்கிள் இரண்டு வருடமாகக் கிடந்தது, அப்படி ஒரு பதிவைப் பார்த்தும் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை, பெரியவர்கள் ஓட்டத்தான் கேட்கிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். அப்புறம் வேறொருவர், "ஆறு வயதுப் பெண் பழகுவதற்கு, 16 அங்குலச் சக்கரம் இருந்தால் போதும், டயர் போயிருந்தாலும் பரவாயில்லை, நாங்களே மாற்றிக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தார். படித்த கையோடு ஏணியை எடுத்துவிட்டேன்.

அந்த "டயர் போயிருந்தாலும் பரவாயில்லை" இருக்கிறதே, அதுதான் வேலை செய்தது. இந்தத் துருப்பிடித்ததைப் போய் ஒருத்தருக்கு எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு, கேட்கிற நீங்கள்தான் அதைப் போக்க வேண்டும். மேசை என்றால் மேலே கீறல் இருக்கலாம், கால் மட்டும் ஆடக் கூடாது என்று எழுதுங்கள். எதற்கு என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை உட்கார்ந்து படிக்க என்று தெரிந்தால், மேசை இல்லாதவர்கூட மடக்குப் பலகை இருக்கிறதே, ஆகுமா என்று கேட்பார். இடம் 90 சென்டிமீட்டர்தான் என்றால் அதையும் போடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு வந்தபிறகு வாசலிலேயே நிற்கும்.

சிலவற்றில் மட்டும் "எப்படி இருந்தாலும் சரி" வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், குழந்தைக்கான கார் சீட் இரண்டும் ஒரு விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே பலம் போயிருக்கலாம். அடிபட்டதா, எந்த வருடம் செய்தது என்று பதிவிலேயே கேளுங்கள். கார் சீட்டுகளில் பலவற்றுக்குக் காலாவதித் தேதியே உண்டு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எப்போது வந்து எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், "சனி, ஞாயிறு மாலை, ஆட்டோவோடு நானே வருகிறேன்" என்கிற மாதிரி. வீட்டு முகவரியும் போன் நம்பரும் பொதுவில் வேண்டாம், தருகிறவரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பொருள் கிடைத்தவுடன் அந்தப் பதிவிலேயே "கிடைத்துவிட்டது, நன்றி" என்று போட்டுவிடுங்கள். வேண்டாத பொருளை இணையம் வழியாக இலவசமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ள 2003-இல் தொடங்கிய ஃப்ரீசைக்கிள் (Freecycle) குழுக்களில் கேட்பதற்கும் கிடைத்ததற்கும் தனித்தனித் தலைப்பு வைத்தே எழுதிப் பழகினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, யாரோ கேட்டார்களே என்று மர ஸ்டூலைத் துடைத்து, மூன்று மாடி இறக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு போன் செய்தார். "அது போன வாரமே கிடைச்சிடுச்சுங்க" என்றார்கள். அதற்குப் பிறகு அவர் யாருடைய பதிவுக்கும் பதில் போடுவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்