30 நாளுக்குள்ள சொல்லோணும் எண்டு வாற அந்தச் சின்ன அறிவித்தல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். வேலைக்குப் போய்க்கொண்டே சனி ஞாயிறில எல்.எல்.எம் படிக்கிறன், சுற்றாடலும் நிலைபேறான அபிவிருத்தியும் சம்பந்தமான சட்டம்தான் எடுத்திருக்கிறன். உங்கட பேப்பரிட்ட ஒரு விஷயம் கேக்கோணும், அதுக்கு முதல் ஏன் கேக்கிறன் எண்டதைச் சொல்லிப்போடுறன்.

எங்கட பெரியம்மா வீடு சுன்னாகம். ஒரு காலத்தில அந்தக் கிணத்துத் தண்ணியில எண்ணெய் மணக்குது எண்டு வாளி இறக்கிறதையே விட்டிட்டினம், பவுசர் வாற நேரம் பாத்துக் கானோட ரோட்டில நிண்டவை. 2019இல உயர் நீதிமன்றம் அங்க மின் நிலையம் நடத்தின கம்பெனியை 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது, மாசாக்கினவர்தான் செலவைப் பொறுக்கோணும் எண்ட கோட்பாட்டை வச்சு. அந்தத் தீர்ப்பை வகுப்புக்கு வாசிச்சிட்டு அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்ல. தண்ணி பழுதானாப் பிறகு வாற காசு அது, பழுதாக முதல் கேக்கிறதுக்கு வழியே இல்லையா எண்டு தேடத் துவங்கினன்.

வழி இருக்கு ஐயா. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல வந்தது, 1988 திருத்தத்தில பெரிய திட்டங்களுக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால சுற்றாடலுக்கு என்ன வரும் எண்டு முதலே பாத்து ஒரு அறிக்கை, செய்யோணும் எண்டு சேத்தவை. அந்த அறிக்கையை ஆரும் போய்ப் பாக்கலாம், 30 நாளுக்குள்ள எழுத்தில கருத்துச் சொல்லலாம், சட்டம் படிச்சிருக்கத் தேவையில்லை, காணி இருக்கத் தேவையில்லை. எப்பாவலயில பொஸ்பேற் தோண்டுற திட்டத்துக்கு எதிரான வழக்கில 2000ஆம் ஆண்டு ஜெயிச்சதும் அந்த ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவும்தான், மதிப்பீட்டைத் தாண்டிப் போகேலாது எண்டு நீதியரசர் அமரசிங்க எழுதினவர். அதில அவர் எங்கட நாட்டு நீதிபதி வீரமந்திரி 1997இல சர்வதேச நீதிமன்றத்தில டானியூப் அணைக்கட்டு வழக்குக்கு எழுதின தனித் தீர்ப்பையும் எடுத்துக் காட்டுறார், ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் சண்டை பிடிச்ச வழக்கில எங்கட குளங்களைப் பற்றி எழுதினது அது, வாசிக்கேக்க உண்மையா பெருமையா இருந்தது.

இப்ப விஷயத்துக்கு வாறன். அறிக்கை எங்க, எப்ப பாக்கலாம் எண்டு வர்த்தமானியிலயும், சிங்களம், தமிழ், இங்கிலிஷ் எண்டு மொழிக்கு ஒரு பேப்பரிலயும் அறிவித்தல் போடோணும் எண்டு சட்டம் சொல்லுது. அப்ப தமிழ் ஆக்களுக்கு அந்தச் செய்தி வாறது உங்களை மாதிரிப் பேப்பர்களாலதான். ஆனா அது கேள்விப்பத்திர விளம்பரங்களுக்கு நடுவில பொடி எழுத்தில கிடக்கு, எங்கட அப்பா மரண அறிவித்தல் ஒண்டு விடாமல் வாசிக்கிறவர், இதைக் கண்டதே இல்லை எண்டார். நானும் எல்.எல்.எம் துவங்கும் வரைக்கும் கண்டதில்லை. 30 நாள் போனாப் பிறகு ஒண்டும் செய்யேலாது எண்டில்லை, ஆனா அடிப்படை உரிமை வழக்கும் ஒரு மாசத்துக்குள்ள போடோணும், பிந்தினால் கஷ்டம்தான்.

அப்பிடி ஒரு அறிவித்தல் வாற நாளில செய்திப் பக்கத்தில ஒரு பெட்டி போடுங்கோ ஐயா. எந்த ஊர், என்ன திட்டம், அறிக்கை எந்தக் கந்தோரில இருக்கு, கடைசித் திகதி என்ன, இவ்வளவும் போதும். எங்கட வகுப்பில தமிழில எழுதக்கூடிய நாலு பேர் இருக்கிறம், அறிவித்தலை முதல் நாள் பின்னேரம் அனுப்பினால் இரவே எழுதித் தாறம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொழும்பு 6