மணியில் வெந்த உருளைக்கிழங்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இது கட்டணம் பற்றிய கடிதம் அல்ல, நிம்மதியாகப் படிக்கலாம்.

சென்ற மாதம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு மணியின் கதையைச் சொன்னாள். 1836ஆம் ஆண்டுவாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறித்தவ மதப்பணியாளர் நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரி மக்களின் ஊர் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே இல்லை, உடைந்த மணி. அதைச் சுற்றிப் புரியாத எழுத்து. பிறகுதான் தெரிந்தது, அது தமிழ்: ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’. ஒரு தமிழ் முஸ்லிமின் கப்பல் மணி அத்தனை தூரம் எப்படிப் போனது என்பதற்கு ஊகங்கள்தான் உண்டு. மணி இப்போது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவள் முடித்ததும் ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல்: “மணியில் தண்ணீர் நிற்காதே, எப்படி வெந்தது?” தலைகீழாகத் திருப்பினால் நிற்கும் என்று இன்னொருவன் கத்தினான். கூட்டம் பத்து நிமிடம் நீண்டது. கணக்கு ஆசிரியர் என்னை முறைத்தார். முறைத்தவரே மதிய உணவு நேரத்தில் அந்தக் கதையை இன்னொரு ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மாணவர் இப்படி ஒன்று சொல்வார். இதில் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தயவுசெய்து கைப்பேசியில் வரும் செய்தியை அப்படியே எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக இதுவரை மூன்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அப்படி ஓர் அறிவிப்பு வந்ததே இல்லை. நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் அதே ரகம்தான். சொல்கிற பிள்ளை அதை எங்கிருந்து அறிந்துகொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்லிக் கொடுங்களேன். கொத்தனார் ஒருவரின் மகன் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை எடுத்து வந்தான். ஒரு முனையைக் கொடிமரத்தின் அருகிலும் மறுமுனையைச் சத்துணவுக் கூடத்துச் சுவரிலும் பிடிக்கச் செய்தான். குழாய் நடுவில் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. வீடு கட்டும்போது அப்பா மட்டம் பார்ப்பது இப்படித்தான் என்றான். எட்டாம் வகுப்பில் நான் இரண்டு பாடவேளை செலவழித்து நடத்துவதை அவன் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டான். கொஞ்சம் பொறாமைதான்.

தையல், மீன்பிடிப்பு, பஸ் ஓட்டுவது, பூ கட்டுவது, எதுவானாலும் சரி. நேரில் வந்து பேச விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம்.

வரும் வெள்ளி என் முறை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சேதமான, அரை டன் எடையுள்ள ஒரு கருவியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதை எதற்காக மேலே ஏற்றினார்கள் என்பது தெரிந்தவர்கள், வெள்ளிவரை பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்