வந்தாறுமூலை அக்காவுக்கு நன்றி

பல்கலைக்கழகப் பதிவு நாளில் எனக்கு உதவிய அக்காவிடம் பெயர் கேட்டேன். "அது எதுக்குப் பிள்ளை, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். எங்கள் குடும்பம் 1990இல் மட்டக்களப்பிலிருந்து கடல் தாண்டிப் போனது. திரும்பி வந்து உயர்தரப் பரீட்சை எழுதி, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இந்தியாவினது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை என்றால் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிறப்பைப் பதிந்து, சான்றிதழ் எடுக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் "அங்கே போ", அங்கே போனால் "மறுகா வா".

பதிவு நாளில் அந்த அக்கா என் கடதாசிகளை மேசையில் விரித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எழுதினார்: இது கிராம சேவகருக்கு, இது பிரதேச செயலகத்துக்கு, இதில் இன்னொரு பிரதி. குடியுரிமைச் சான்றிதழைப் பிறகு தருவதாக ஒரு கடிதம் எழுத வைத்து, தானே கோப்பில் சேர்த்தார். மறுகா விடுதி விண்ணப்பம். முகாம் பிள்ளை என்று ஒரு தரம்கூடப் பாவமாகப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய உதவி.

1990இல் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த வளாகம் இது. திரும்பி வரும் பிள்ளைகளுக்கென்று இங்கே நிரந்தரமாக ஒரு மேசை போடலாம். விசயம் தெரிந்த ஓர் ஆள் போதும்.

அக்கா, சான்றிதழ் வந்துவிட்டது, பிரதி கொடுத்தாச்சு. இந்த வருடம் முகாமிலிருந்து வந்த இன்னொரு தங்கச்சிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. உங்களிடம்தான் அனுப்புகிறேன், கோபிக்க வேண்டாம்.