சனிக்கிழமை படகு இஞ்சின் வேலை

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் சிம்கோ ஏரிக்கரையில் குளிர் தொடங்கிவிட்டது, படகு இஞ்சின்களைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய வேண்டும். அக்டோபர் 18 சனி காலை 9 மணிக்கு, படகை டிரெயிலரோடு எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டு வாருங்கள்.

1. பெட்ரோல் டாங்கில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றிக்கொண்டு வரவும். ஊற்றினால் மட்டும் போதாது, தண்ணீர்க் குழாயை மாட்டி இஞ்சினை 10 நிமிடமாவது ஓடவிட்டால்தான் ஸ்டெபிலைசர் கார்புரேட்டர் வரை போகும்.
2. கியர் ஒயில் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையது பால் மாதிரி வந்தால் சீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) வழியே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அது உறைந்தால் கியர் பெட்டியே பிளந்துவிடும் (போன வருடம் என்னுடையது அப்படித்தான் போனது, செலவைக் கேட்காதீர்கள்).
3. புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டில் தூண்டில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.
4. பேட்டரி வீட்டுக்குள். இஞ்சின் நிமிர்ந்தே நிற்கட்டும், சாய்த்தால் தண்ணீர் உள்ளே தங்கும்.

வருகிறவர்கள் இஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், ஒயில் மொத்தமாக வாங்க வேண்டும்.