மாத்திரை நேரமும் பயிற்சி நேரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி முக்கியம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பயிற்சிக்கு முன் நோயாளி விழுங்கும் மாத்திரை பற்றிப் பேச்சே காணோம்.

மூளை நரம்பணுக்களை அடக்கி வைக்கும் ரசாயனம் காபா. தூக்கத்துக்குத் தரும் லோராசெபாம், டயசெபாம் அதன் ஏ வகை ஏற்பியிலும் (காபாவை உணரும் நரம்பணுப் பகுதி), தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் பி வகையிலும் வேலை செய்கின்றன. அடக்கம் சற்றே தளர்ந்தால்தான் இயக்கப் புறணியில், அதாவது அசைவை நடத்தும் மூளைப் பகுதியில், இணைப்புகள் வலுப்படும்; இந்த மாத்திரைகளோ அந்த அடக்கத்தை இறுக்குகின்றன.

மனிதர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். மணிக்கட்டு நரம்பில் ஒரு மின்தூண்டல். 25 மில்லிவினாடி கழித்து, தலைமேல் வைத்த காந்தச் சுருளிலிருந்து ஒரு துடிப்பு. 20 வினாடிக்கு ஒருமுறை, மொத்தம் 90 ஜோடி. அரை மணி முடிந்ததும் கட்டைவிரல் தசை அதே துடிப்புக்கு முன்பைவிடப் பலமாகத் துள்ளும்; இணைப்பு வலுப்பட்டதன் அடையாளம் அது. இடைவெளியை 10 மில்லிவினாடி ஆக்கினால் துள்ளல் குறைந்துவிடும். நேரக் கணக்கு அவ்வளவு நுட்பம். 2007இல் வெளியான ஆய்வில், 50 மி.கி. பேக்லோஃபென் ஒரே வேளையாகத் தந்தபோது அந்தப் பலம் ஏறவில்லை. கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப ஒரே திசையில் அசைக்கும் பயிற்சியின் பலனை லோராசெபாம் மழுங்கடித்ததும் 2000இலேயே பதிவாகியிருக்கிறது.

இவை ஆரோக்கியமானவர்களிடம் ஒரே வேளை மருந்தில் கண்டவை. பேக்லோஃபென் வழக்கமாக 5 மி.கி. வீதம் மூன்று வேளை என்றுதான் தொடங்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், முன்னைவிடக் கடும் இறுக்கம் எல்லாம் வரலாம். கால் இறுகியிருப்பதால்தான் சிலரால் நிற்கவே முடிகிறது என்பதும் உண்டு. எவ்வளவு தளர்த்துவது என்பது தனிக் கணக்கு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது நேரம் பற்றி. பேக்லோஃபெனின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், மூன்று நான்கு மணி நேரம்தான். வேளையைத் தள்ளிவைத்துப் பயிற்சிக்கு இடம் தரலாம். டயசெபாமில் அந்த வழி இல்லை. ஒரு நாளைக்கு மேலும் உடம்பில் தங்கும். இரவில் போட்டது மறுநாள் பயிற்சியிலும் கூடவே இருக்கும். அங்கே கேள்வி, அந்த மாத்திரை தேவையா என்பதுதான்.

அடக்கத்தைத் தளர்த்த மருந்து கொடுத்தால் என்ன என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். ஏ வகை ஏற்பியின் ஒரு பிரிவைத் தடுக்கும் எஸ்44819 எலிகளில் நம்பிக்கை தந்தது. 14 நாடுகளில் 585 நோயாளிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்ததில், 2020இல் வந்த முடிவு: போலி மாத்திரையைவிட மேலான பலன் இல்லை.

இப்படிக்கு,
நரம்பியல் மறுவாழ்வுத் துறை வாசகர்