கையெழுத்துப் போடும் முன்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய வேலை அறிவிப்பைப் படித்தேன். சம்பளம் நன்றாக இருக்கிறது, பெண்கள் நோய்களுக்கான கைனி வார்டும் உனக்குப் பிடித்த இடம். கடைசி வரியில் "அங்கே கருக்கலைப்பும் செய்கிறார்கள்மா, நான் போகலாமா?" என்று கேட்டிருக்கிறாய். போ என்றோ போகாதே என்றோ நான் சொன்னால், அது என் மனசாட்சியை உன் தலையில் கட்டுவதாகிவிடும். முடிவு உன்னுடையது. முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடு. அந்த வார்டில் ஒரு சிஸ்டர் செய்யும் வேலைகளை வரிசையாக எழுது. வந்த பெண்ணிடம் பேசுவது, எத்தனை வாரம் என்று கணக்குப் போடுவது, ஸ்கேனுக்கு அனுப்புவது, சம்மதப் படிவம், ரத்த வகை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, வாக்யூம், அதாவது கர்ப்பப்பையில் இருப்பதை உறிஞ்சி எடுப்பது, செய்யும்போது கருவி எடுத்துக் கொடுப்பது, பிறகு பிபியும் நாடியும் பார்ப்பது, வலி மருந்து, பேடில் ரத்தப்போக்கு எவ்வளவு என்று பார்ப்பது, கருத்தடை பற்றிச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "செய்வேன்", "செய்யமாட்டேன்" என்று எழுது. "எனக்கு இது ஒத்துவராது" என்று மொத்தமாகச் சொன்னால் எந்த மேட்ரனாலும் உனக்கு ரோஸ்டர், அதாவது ஷிஃப்ட் பட்டியல், போட முடியாது. "இந்த இரண்டு வேலை மட்டும் என் கையால் வேண்டாம்" என்றால் போடலாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனி. மருந்தின் பெயரைச் சொல்லி மறுக்காதே. 12 வாரத்துக்குள் மாத்திரையால் கலைப்பதென்றால் மிஃபிப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. "மிசோப்ரோஸ்டாலைத் தொடமாட்டேன்" என்று நீ எழுதிக் கொடுத்தால், பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காத தாய்க்கும் அதே மாத்திரைதான் என்பதை மறந்தவள் ஆவாய். தானாகக் கரு கலைந்து பாதி உள்ளே தங்கிப் போனவளுக்கும் அதைத்தான் கொடுக்கிறோம்; அவளுக்கும் அதே கை சிரிஞ்ச் வாக்யூம்தான். ஆகவே உன் மறுப்பு நோக்கத்தின் மேல் இருக்கட்டும்: "வளர்ந்துகொண்டிருக்கும் கர்ப்பத்தை முடிப்பதற்காக இந்த மருந்தைக் கொடுக்கமாட்டேன், வாக்யூம் செய்யமாட்டேன், அதற்குத் துணை நிற்கமாட்டேன்." இப்படி எழுதினால் ஒரு அவசரத்தில் உன் கை தயங்காது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் குழப்பம் வராது.

இனி சட்டம். நம் நாட்டுக் கருக்கலைப்புச் சட்டம் 1996-இல் வந்தது, 1997 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் 12 வாரத்துக்குள் பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் மட்டுமில்லாமல் பயிற்சி பெற்ற, பிரசவம் பார்க்கும் மிட்வைஃபும் செய்யலாம், 2008 திருத்தத்துக்குப் பிறகு பயிற்சி பெற்ற பதிவு நர்ஸும் செய்யலாம். 13-லிருந்து 20 வாரம் வரை டாக்டர்தான் செய்ய வேண்டும், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றும் இருக்க வேண்டும். 20-க்கு மேல் காரணங்கள் இன்னும் குறுகியவை. சம்மதம் அந்தப் பெண்ணுடையது மட்டும். புருஷனிடமோ பெற்றோரிடமோ கையெழுத்துக் கேட்கக் கூடாது.

நர்ஸ் மறுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. உனக்கு இருக்கும் பாதுகாப்பு அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. மனசாட்சி, மதம், நம்பிக்கை எல்லாவற்றையும் அது காக்கிறது. அதே சாசனத்தின் 27-ஆம் பிரிவு, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சட்டப்படி நடக்கும் கருக்கலைப்பைத் தடுப்பவருக்கும் அந்த இடத்துக்குப் போகவிடாமல் மறிப்பவருக்கும் அபராதமோ 10 வருடம் வரை சிறையோ என்று சொல்கிறது. ஆகவே உன் கையை நீ விலக்கிக்கொள்ளலாம், அவள் வழியை மறிக்கக் கூடாது. தகவல் சொல்வதும், செய்யக்கூடிய ஆளிடம் அனுப்புவதும், கலைப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்வதும் உன் கடமையிலிருந்து கழியாது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைத்துக்கொண்டு ஒருத்தி வந்தால், அவள் எதற்காக வந்தாள் என்பது உனக்குக் கேள்வியே இல்லை. ஊசி போடு, டிரிப் ஏற்று, டாக்டரைக் கூப்பிடு.

எங்கே தப்பு நடக்கும் என்பதை ஒரு கணக்கோடு காட்டுகிறேன். சட்டத்தில் வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருத்தி வருகிறாள், 11 வாரம் 5 நாள். பயிற்சி பெற்ற இன்னொரு சிஸ்டர் லீவில் இருக்கிறாள். டெஸ்க்கில் இருப்பது நீ. "திங்கட்கிழமை வாம்மா" என்று சொல்லி அனுப்புகிறாய். உன் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை அவளுக்கு 12 வாரம் 1 நாள். இனி எந்த சிஸ்டரும் அவளுக்குச் செய்ய முடியாது, டாக்டர் வேண்டும், காரணம் வேண்டும், ஒருவேளை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு டாக்ஸி மாறிப் போகவும் வேண்டும். நீ ஒரு மாத்திரையையும் தொடவில்லை, ஆனாலும் அவள் வழியை மறித்தது நீதான். இந்த மாதிரி நாளுக்குத்தான் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

அதனால் இன்டர்வியூவில் வெட்கப்படாமல் கேள். அறிவிப்பில் "பெண்கள் நலச் சேவை" என்று பொத்தாம் பொதுவாகப் போட்டிருப்பார்கள். அரசு வேலைக்கான ஸெட் 83 விண்ணப்பப் படிவம் நிரப்பிய கையோடு முழு வேலை விவரத்தையும் கேட்டு வாங்கு. கருக்கலைப்பு வாரத்தில் எந்தெந்த நாள், மாத்திரையா வாக்யூமா, எத்தனை வாரம் வரை, இரவு ஷிஃப்டில் எத்தனை சிஸ்டர். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பயிற்சி பெற்றவர்கள் உன்னைச் சேர்க்காமல் எத்தனை பேர்? பதில் "ஒருத்தி" என்றால், அவள் லீவு போடும் ஒவ்வொரு நாளும் அந்த வெள்ளிக்கிழமைதான். பதில் "யாருமில்லை, அதற்காகத்தான் உங்களை எடுக்கிறோம்" என்றால் அந்த வேலையை விட்டுவிடு. வேலையில் பாரபட்சத்தைத் தடுக்கும் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த வேலைக்கு அடிப்படையாகவே தேவைப்படுவதை நிபந்தனையாக வைக்க அதே சட்டம் இடம் தருகிறது. கருக்கலைப்புக்காகவே திறந்த கிளினிக்கில் சேர்ந்துகொண்டு கருக்கலைப்பு செய்யமாட்டேன் என்றால் சட்டமும் உன் பக்கம் நிற்காது, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. கலப்பு வார்டு வேறு விஷயம். பிரசவம், கட்டி, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பத்து வேலை நடக்கும் இடத்தில் ஒன்றை மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

வேலை கிடைத்தால், ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து மறுப்புக் கடிதத்தையும் கொடு. சேர்ந்து மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால், வேலையைப் பிடிக்கும் வரை மறைத்தாள் என்றுதான் பேசுவார்கள். அரைப் பக்கம் போதும். நர்ஸிங் மேனேஜர் பெயருக்கு, தேதி போட்டு. எந்தெந்த வேலை செய்யமாட்டாய், அது உன் நம்பிக்கையைச் சேர்ந்தது என்று ஒரே வரி. சாஸ்திர மேற்கோள் எதுவும் வேண்டாம், அங்கே யாரையும் நீ மனம் மாற்றப் போகவில்லை. பிறகு எதை எதைச் செய்வாய் என்பதை மறுப்பை விட நீளமாக எழுது: "தகவல் சொல்வேன், அதே நாளில் செய்பவரிடம் ஒப்படைப்பேன், முன்னும் பின்னும் பார்த்துக்கொள்வேன், அவசரத்தில் எல்லாம் செய்வேன்." கடைசியில், அந்த நாட்களில் பதிலுக்கு எந்த வேலையை எடுத்துக்கொள்வாய் என்று சொல். டிரஸ்ஸிங், தியேட்டர் தயாரிப்பு, வேறு யாரும் விரும்பாத ஞாயிறு ஷிஃப்ட். கூட வேலை செய்பவர்கள் உன் பங்கையும் சேர்த்துச் சுமந்தால் ஆறு மாதத்தில் மனக்கசப்பு வந்துவிடும், அதில் அவர்கள் தப்பு இல்லை. இரண்டு பிரதி எடு, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வை. வாய்ப்பேச்சை நம்பாதே. சரி என்று சொன்ன மேட்ரன் மாற்றலாகிப் போனதும் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும்.

வார்டுக்குள் போன பிறகு உன் முகமும் அளவாக இருக்கட்டும். ஒப்படைக்கும்போது "நான் இதெல்லாம் செய்யமாட்டேன்" என்று அந்தப் பெண்ணின் காது கேட்கச் சொல்லாதே. "உங்களை இந்த சிஸ்டர் பார்த்துக்கொள்வார், வாங்க, நான் கூட்டிப்போகிறேன்" என்றால் போதும். சார்ட்டில் உன் அபிப்பிராயம் ஒரு சொல் கூட வரக் கூடாது. நம் ஜனங்கள் அடர்த்தியாக இருக்கும் ஊர் அது. கோயிலில் பார்க்கும் குடும்பத்துப் பெண்ணே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளிடமே மெதுவாக, "வேறு சிஸ்டர் பார்க்கட்டுமா?" என்று கேள். அவள் வந்ததை என்னிடம் கூடச் சொல்லாதே. ரகசியம் காப்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

மூக்குத்தி பற்றியும் கேட்டிருந்தாய். 2007-இல் அரசியல் சாசன நீதிமன்றம், டர்பன் பள்ளி மாணவி ஒருத்தியின் மூக்குத்திக்கு ஆதரவாகவே தீர்ப்புச் சொன்னது. கட்டாயமான சடங்காக இல்லாவிட்டாலும் மனமுவந்து கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, நியாயமான அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை வைத்துக் கேட்கலாம். கையில் கட்டிய கயிறு வேறு. அது நனைந்து கிருமி தங்கும், மணிக்கட்டில் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் நோயாளிக்கு நல்லது. அவிழ்த்து சாமி படத்தடியில் வை. காவடி விரதத்துக்கு லீவு வேண்டுமென்றால் தைப்பூசத் தேதி தெரிந்த உடனே ஆண்டு லீவில் கேட்டு வை. விரதத்தோடு 12 மணி நேர ஷிஃப்ட் செய்யும் நாளில் தண்ணீரையாவது விடாதே.

இவ்வளவு செய்தும் உன்னை வற்புறுத்தினால் முதலில் எழுத்தில் புகார், கூடவே யூனியன். பாரபட்சம் என்று, வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏ-வுக்குப் போக 6 மாதம் இருக்கிறது, வேலையை விட்டு நீக்கினால் புகார் கொடுக்க 30 நாள்தான். நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொள்.

அந்தத் தாளை வியாழக்கிழமைக்குள் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. "செய்யமாட்டேன்" வரிசை இரண்டு மூன்றோடு நின்றால் மறுப்புக் கடிதத்தை அன்றைக்கே சேர்ந்து எழுதலாம். பாதிக்கு மேல் நீண்டால், அதே ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தை வார்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்.

அன்புடன்,
அம்மா